என்னைத் தூக்கி இறக்கியவர்கள்

எனக்குப் பிரசவ வலி எடுத்த காலையில் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் வாசலில் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு எழுந்து கடித்திருப்பேன். விடாத மழையில் தேயிலைத் தோட்டத்து ரோட்டை மண் மூடிவிட்டது. பெரிய ரோட்டுக்கு இறங்கினால்தான் பதுளை ஆஸ்பத்திரி. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆபரேஷன்தான் என்று கிளினிக்கில் முன்பே சொல்லியிருந்தார்கள்.

"சரிஞ்ச மண்ணு மேலேயே ஏறி எறங்கிடுவோம்!" என்று கத்தினார் என் வீட்டுக்காரர். பதறினால் அவர் குரல் ஊரைக் கூட்டும். சத்தத்தைக் கேட்டே எல்லோரும் தலையாட்டினார்கள்.

எங்கள் தோட்டத் தலைவர் கோயில் கூட்டத்தில் மைக்கை யாருக்கும் கொடுக்காதவர். அவர் கையைத் தூக்கினார்.

"கொஞ்சம் இருங்கப்பா. மண்ணு சரிஞ்ச மலையில நேத்து யாரு கொழுந்தெடுத்தது?"

எந்த மலையில் வேலை என்பது அன்றாடம் காலையில் ஆட்களைப் பிரித்து அனுப்பும் பெரட்டில்தான் தெரியும். நேற்று நடந்தவர்களுக்குத்தான் இன்றைய மண் தெரியும். பக்கத்து வீட்டு அக்கா முன்னே வந்தார்.

"அந்தப் பக்கம் வேணாங்க தலைவரே, கால் வச்சா உள்ள போகுது. சவுக்கு மரத்தோரம் தரை கெட்டி. ஆனா செங்குத்தா எறங்கும்."

"நான் தூக்கிக்கிட்டுப் போறேன்" என்றார் வீட்டுக்காரர்.

"நீ தள்ளு தம்பி. சாமி தூக்குறவங்க வரட்டும்" என்றார் தலைவர்.

திருவிழாவில் லயத்துப் படிகளில் சாமியைச் சாயாமல் இறக்குகிறவர்கள் அவர்கள். முன்னால் போகிறவர் தோளுக்கு உயர்த்துவார், பின்னால் வருகிறவர் இடுப்புக்குத் தாழ்த்துவார். பிளாஸ்டிக் நாற்காலியை மூங்கிலில் கட்டினார்கள்.

"நான் என்னா சாமியா? சீக்கிரம் தூக்கித் தொலைங்கடா!" என்று கத்தினேன். ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை, புண்ணியவான்கள்.

அக்கா கம்பால் தட்டித் தட்டி முன்னே நடந்தார். நாற்காலி ஒரு தடவைகூடச் சாயவில்லை. தலைவர் என் பையைச் சுமந்துகொண்டு கடைசியில், வாயே திறக்காமல் வந்தார். அந்த வலியிலும் அது எனக்கு அதிசயமாக இருந்தது. பெரிய ரோட்டில், போனில் சொல்லி வைத்த வேன் நின்றது.

மகள் பிறந்தாள். எனக்கு நினைவு திரும்பியதும் வீட்டுக்காரர் போனை நீட்டினார். "லயமே காத்துக்கிட்டு இருக்கு, பேசு."

"ஏய், புள்ள அழுதுச்சாடி?" என்று அக்காவின் குரல்.

போனைப் பிள்ளையின் வாயருகே வைத்தேன். அவள் வீறிட்டாள். அந்தப் பக்கம் எழுந்த ஆரவாரத்தில் யார் சிரித்தார்கள், யார் அழுதார்கள் என்று பிரிக்க முடியவில்லை. அவ்வளவு வலியிலும் அழாத நான் அப்போதுதான் அழுதேன்.