திரையில் அசையாமல் எரிந்த புள்ளி

இன்று எங்கள் புதுக்கோட்டைக் கல்லூரியில் இயற்பியல் செய்முறைத் தேர்வு. ஆய்வகத்துக்கு நான்தான் பொறுப்பு.

திருச்சியிலிருந்து வந்த தேர்வாளர், மின் அலைகளைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பை, எங்களிடம் மிஞ்சியிருக்கும் ஒரே பழைய கருவியை, போட்டு வெளிச்சத்தை முழுதாகக் கூட்டிவிட்டார். திரையின் நடுவே ஒரு புள்ளி, அசையாமல் எரிந்தது. அப்படியே விட்டால் அந்த இடம் கருகிவிடும். பிறகு மாற்றவே முடியாது.

"சார், கொஞ்சம் கொறைச்சிரவா?"

"இருக்கட்டும்மா, இப்பத்தான் நல்லா தெரியுது" என்றவர், ரெக்கார்டு நோட்டுகளில் கையெழுத்துப் போட உட்கார்ந்துவிட்டார்.

புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றேன். மேசைக்குப் பின்னால் கையை விட்டு சுவிட்சை அணைத்தேன்.

"கரண்ட் போயிருச்சுங்க சார்."

அவர் மெதுவாக அண்ணாந்து பார்த்தார். "புதுக்கோட்டையில கரண்ட் போனா ஃபேன் மட்டும் ஓடுமோ?"

திரை தப்பித்தது. நாளைக்கும் அவர்தான் வருகிறார். என்ன சொல்லிச் சமாளிக்கலாம், சொல்லுங்கள்.