கல்லறைத் திருநாளில் ஒரு கண் சிமிட்டல்

எங்கள் வீட்டில் நவம்பர் மாதத்துக்கு இரண்டு வேலைகள் உண்டு. கல்லறைத் திருநாளுக்கு அம்மாவின் கல்லறையில் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். அந்த மாதம் முடிவதற்குள், பட்டாளத்தில் ஓய்வு பெற்ற அப்பா தாம் உயிரோடு இருப்பதைச் சர்க்காருக்கு நிரூபிக்க வேண்டும். தவறினால் பென்ஷன் நின்றுவிடும். அப்பாவுக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. ரோல் காலில் பெயர் கூப்பிடும்போது இல்லாமல் போனவன் என்று தன்னை எழுதிவிடுவார்களோ என்று.

விரல் ரேகை தேய்ந்துபோனதால் இந்த முறை இயந்திரம் அவரை ஏற்கவில்லை. முன்னாள் படைவீரர் அலுவலகத்திலிருந்த பெண் என் போனில் ஓர் ஆப்பை ஏற்றித் தந்தார்.

"மூஞ்சியக் காட்டி கண்ணைச் சிமிட்டினா போதும் டீச்சர்."

பிணம் சிமிட்டாது என்பது சர்க்காரின் கணக்கு. ஆனால் அப்பாவும் சிமிட்டவில்லை. போனைத் தூக்கியதும் முதுகை நிமிர்த்தி அப்படியே உறைந்துவிடுவார். கண்ணில் நீர் கோத்து நிற்கும், இமை அசையாது. உயிருள்ள முகம் தெரியவில்லை என்று போன் சொல்லும்.

"சிமிட்டுங்கப்பா."

"ஆபீசர் பாக்கும்போது எப்படிம்மா சிமிட்டுறது?"

"இது வெறும் போனுப்பா."

"போன் வழியாத்தான பாக்குறாக."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கத்திவிட்டேன். மறுநாள் காலையில் காபியை ஆற்றிக்கொண்டே, "நெசமாவே அதுக்கு நான் தெரியலையாம்மா?" என்று கேட்டார்.

அம்மாவின் கல்லறைக் கல்லில் அப்பாவின் படமும் இருக்கிறது. கொத்தனாரை இரண்டு தடவை அலைய விட வேண்டாம் என்று, அம்மா இறந்தபோதே தன் பெயரையும் யூனிபார்ம் படத்தையும் பதித்துவிட்டார். கடைசித் தேதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறது. அந்தப் பக்கம் நான் பார்ப்பதே இல்லை.

திருநாளன்று சாயங்காலம் வெளிச்சம் நன்றாக இருந்தது. அப்பாவைக் கல்லறை விளிம்பில் உட்காரவைத்துப் போனைத் தூக்கினேன். பச்சை வட்டம் அவர் முகத்தைத் தாண்டி, பின்னாலிருந்த படத்தில் போய் நின்றது. நகர்ந்து பிடித்தேன். மறுபடியும் அங்கேயே. கண்ணைச் சிமிட்டவும் என்று கல்லைக் கேட்டது போன். பக்கத்துக் கல்லறையில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் படம் சிமிட்டிவிடுமோ என்று நான் நிஜமாகவே பயந்தேன்.

அப்பா திரும்பிப் பார்த்தார். "அவன் சிமிட்ட மாட்டாம்மா. டூட்டில இருக்கான்."

என் கைக்குட்டையால் அந்த முகத்தை மூடி, மேலே ஒரு கல்லை வைத்தேன். அதைப் பார்த்ததும் அப்பாவின் தோள்கள் தளர்ந்தன. போனைத் திரும்பத் தூக்கினேன். மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தார். போன் ஏற்றுக்கொண்டது.

"என்னம்மா சொல்லுது?"

"உயிரோட இருக்கீங்களாம்ப்பா."

"நானா, அவனா?"

"நீங்கதான்."

அப்பா எழுந்து கைக்குட்டையை எடுத்தார். படத்திலிருந்த தூசியைக் கட்டைவிரலால் துடைத்தார்.

"இன்னும் கொஞ்ச நாளு நில்லுலே. நானே வந்து மாத்தி விடுறேன்."

காவல் மாறப் போகிறவர் பேசும் சாதாரணக் குரலில்தான் சொன்னார். பிறகு கைக்குட்டையை மடித்து என்னிடம் நீட்டினார். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. அந்த முகத்தை மூடிய கைக்குட்டையால் துடைத்துக்கொள்ள மனம் வரவில்லை.