பால் ஊற்றுகிறவர் கையில் மவுசு

நேற்று என் மகள் லேப்டாப்பில் ஏதோ ஒரு வயரைச் செருகினாள். உடனே வேலை செய்தது. எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். ஒரு ஸ்க்ரூவைக் கழற்றவில்லை, ஒரு சாமியைக் கும்பிடவில்லை, இதெல்லாம் ஒரு வேலையா? கூடவே புளித்த பால் வாடையும் அடித்தது. நம்ப மாட்டீர்கள், கம்ப்யூட்டர் என்றாலே எனக்கு அந்த வாடைதான்.

இரண்டாயிரத்து ஒன்றோ இரண்டோ இருக்கும். மூன்று மாத டிப்ளமோவை வைத்துக்கொண்டு தேனியில் இன்ஜினியர் என்று திரிந்த காலம். மார்க்கையன்கோட்டைப் பக்கம் ஒரு பால் சொசைட்டியில் இடி இறங்கிக் கம்ப்யூட்டர் செத்துவிட்டது. பாலில் கொழுப்பு அளக்கும் மெஷினை அதோடு இணைக்கிற பழைய சீரியல் கார்டு மட்டும் பிழைத்திருந்தது. அதைக் கழற்றி, செகரட்டரி மதுரையில் வாங்கிவந்த பழைய கம்ப்யூட்டரில் மாட்ட வேண்டும். "அரை மணி நேர வேலைண்ணே" என்று வாயை விட்டுவிட்டேன்.

மூன்று மணி நேரம் ஆனது. கார்டில் இருக்கும் ஜம்பர் என்ற குட்டிச் செருகியை எப்படி மாற்றிப் போட்டாலும் மெஷினும் மவுசும் ஒரே வழியில் வந்து முட்டிக்கொண்டன. அதற்குள் சாயங்காலப் பாலோடு வரிசை நின்றுவிட்டது. முதல் ஆள் செல்லத்தாயி அக்கா. மெஷின் ஓடாத பத்து நாளும் செகரட்டரி கையால் டெஸ்ட் செய்து எழுதியதில், அக்காவின் பால் தண்ணிப் பாலாகியிருந்தது.

"தம்பி, இன்னைக்கும் ஓடலேன்னா எம் மாட்டுக்கு ஊருக்குள்ள பேரு கெட்டுப்போகும். அது என்ன பாவம் பண்ணுச்சு?"

பாலை ஊற்றினார். கொழுப்பு தொண்ணூற்றொன்று என்றது திரை. "ஆத்தாடி, வெண்ணெயாவே கறக்குதா!" என்று வரிசை சிரித்தது. மறுபடி ஊற்றினால் பூஜ்யம். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் பார்த்தேன், செகரட்டரி சும்மா இருக்க மாட்டாமல் மவுசை உருட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அதத் தொடாதீக. அது அசைஞ்சா அளவு தப்பும்."

சொல்லியிருக்கக் கூடாது. வரிசை மொத்தமும் செகரட்டரியை ஒரு பார்வை பார்த்தது. அக்கா மவுசைப் பிடுங்கி உள்ளங்கையில் மல்லாத்தி வைத்துக்கொண்டார். மறுபடி பாலை ஊற்றியதும் திரையில் நாலு புள்ளி ஆறு!

"பாத்தீகளா? எம் மாடு நல்ல மாடு!"

அன்றிலிருந்து அங்கே அதுதான் சட்டம், பால் ஊற்றுகிறவர் கையில் மவுசு. செகரட்டரி சூதுவாது தெரியாத மனுஷன், கைதான் சும்மா இருக்காது என்று எவ்வளவோ சொன்னேன். யார் கேட்டார்கள்? மனசு உறுத்தி, அடுத்த மாதம் வேறு வகை மவுசோடு சரிசெய்யப் போனேன். வாசலிலேயே மறித்துவிட்டார்கள்.

"ஒண்ணும் சரி பண்ண வேணாம் தம்பி. இங்கன எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

நான் பார்த்த வேலைகளிலேயே எனக்கு டீ வாங்கிக் கொடுத்துப் பாராட்டியது அந்த அரைகுறை வேலைக்குத்தான்.

இப்போது அந்தச் சொசைட்டி இல்லை. வேன் வாசலுக்கே வந்து பாலை வாங்கிப் போகிறது. அளவு மறுநாள் போனில் வருகிறது. போன மாதம் சின்னமனூர் பஸ்ஸில் அக்காவைப் பார்த்தேன். மாட்டைப் பற்றி விசாரித்தேன்.

"அதோட பேத்தி இருக்கு. நல்ல மாடுதான். ஆனா மூணு புள்ளி ஒண்ணுன்னு வருது" என்று போனை நீட்டினார். "நீ படிச்சவன்தான தம்பி, இதுல நா எதப் பிடிச்சுக்கிறது?"