கப்பலுக்கு ஆகாத மல்லாட்டை

மல்லாட்டை வியாபாரியின் மூக்கு உடைந்தது சித்திரை மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலையில். உடைத்தவன் என் தம்பி. இடம், செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் தனியார் மண்டி.

வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். மிஷினில் உடைப்பதற்கு முன் காயின்மேல் தண்ணீர் தெளிப்பது இங்கே எல்லாரும் செய்வதுதான். காய்ந்த காயைப் போட்டால் உள்ளே இருக்கும் பருப்பு, எங்கள் பேச்சில் பயிறு, பிளந்துவிடும். பிளந்த பயிறை ஏற்றுமதிக்கு எடுக்கமாட்டார்கள். ஆனால் தெளித்த ஈரம் மூட்டைக்குள் பூஞ்சையாகும், அந்தப் பூஞ்சை ஈரலைக் கெடுக்கும் விஷத்தைக் கக்கும். இந்த விஷத்துக்காக இந்தோனேசியா நம் நாட்டுக் கடலையை நிறுத்திவைத்த செய்தியைப் படித்துவிட்டுத் தம்பியிடம் சொன்னேன்.

“அவன் நிறுத்துனா சீனாக்காரன் வாங்குவான், போண்ணா” என்றான்.

அறுவடை முழுவதையும் தெளித்துத்தான் உடைத்தான். விலை ஏறட்டும் என்று சில வாரம் அடுக்கியும் வைத்தான். அது விற்றால்தான் அடுத்த பட்டத்துக்கு விதை வாங்க முடியும்.

மண்டிக்கு நானும் கூடப் போயிருந்தேன். வாசலில் இறக்கிய மூட்டைக்குள் வியாபாரி முழங்கைவரை கையைவிட்டு ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார்.

“இன்னாய்யா, குளிப்பாட்டி இட்டாந்தியா?”

“போன வருஷம் நீதான தண்ணி தெளிச்சி முழுசா கொண்டான்னு சொன்ன?”

“போன வருஷம் கப்பல்ல ஏத்துறதுக்கு முன்ன எவனும் சோதிக்கல. இப்ப சோதிக்கறான். எட்த்துனு போ. மாடுகூட துன்னாது.”

சொன்னதோடு நிற்காமல் மூட்டையைக் காலால் எத்தினார். பயிறு ரோட்டில் கொட்டியது. ஒரு பஸ் அதை நசுக்கிக்கொண்டு போனது. தம்பி தலையால் மோதினான். எலும்பு நொறுங்கியது எனக்குக் கேட்டது. விழுந்தவரின் வயிற்றில் ஏறி உட்கார்ந்து, ரோட்டில் கிடந்த பயிறை மண்ணோடு அள்ளி அவர் வாயில் திணித்தான்.

“துன்னு! மாடு துன்னாதத நீ துன்னு!”

மூட்டை தூக்கும் ஆள் ஓடி வந்து, கையிலிருந்த கொக்கியைத் தம்பியின் வலது உள்ளங்கையில் இறக்கினான். முனை புறங்கை வழியாக வெளியே வந்தது. நான் அந்த ஆளின் தலைமயிரைப் பிடித்து இழுத்தேன். அவன் பின்னால் சாய, கொக்கியும் சதையோடு வந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் தம்பியும் வியாபாரியும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியதாயிற்று. மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு வியாபாரி பேசினார்.

“எண்ணெய் மில்லுல போட்டுர்றேன். பாதி விலை வரும். அங்க எவனும் சோதிக்க மாட்டான்.”

“அந்த எண்ணெய எவன் துன்றது?” என்றான் தம்பி.

“நாமதான். வேற எவன் துன்னுவான்?”

தம்பி எழுந்து காலால் ஓர் உதை விட்டான். பெஞ்சோடு சாய்ந்தார் வியாபாரி. நர்ஸ், “ரெண்டு பேரையும் போலீசுல குடுத்துருவேன்” என்று கத்தினார்.

கட்டுப் போட்ட கையோடு தம்பி மண்டிக்குத் திரும்பினான். மூட்டைகள் அப்படியே கிடந்தன. விதைக்கு வேறு வழி இருக்கிறதா என்று என்னைக் கேட்டான். வியாபாரி சொன்ன மில்லிலிருந்து வண்டி வந்து நின்றது. அவன் கையைக் கிழித்த ஆளே கொக்கியோடு நின்றிருந்தான், பக்கத்தில் வரப் பயந்து.

“இன்னாடா பாக்கற? ஏத்து” என்றான் தம்பி.