இரண்டாம் கியர்க்காரர்

மலைச்சாலையில் இருபத்திரண்டு வருடமாக வாடகைக் கார் ஓட்டுகிறார். இறக்கத்தில் ஒருநாளும் இரண்டாம் கியரைத் தாண்டியதில்லை. பெயரே 'ரெண்டாம் கியர்' ஆகிவிட்டது. "அண்ணனை நம்பிக் கல்யாணத்துக்குக் கிளம்பினா, அந்தக் கல்யாண ஜோடியோட பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கிற அன்னைக்குத்தான் போய்ச் சேரலாம்" என்று ஸ்டாண்டில் சிரிப்பார்கள். அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. அந்தக் காதுக்கு வேறு வேலை இருந்தது. உச்சியிலிருந்து இறங்கும்முன் பெல்ட் மாட்டும் 'டக்' சத்தத்தை எண்ணுவார். கணக்குச் சரியானால்தான் வண்டி நகரும்.

அன்று வந்தவர்கள் கணவனும் மனைவியும். உச்சியில் மூட்டம் விலகி, கீழே ஏரி தெரிந்தது. அந்தப் பெண் பக்கத்தில் நின்ற ஒருவரிடம் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னாள். செய்த தப்பு அவ்வளவுதான். கணவன் அவள் பிடரியைப் பிடித்துப் பின்சீட்டில் திணித்துவிட்டு முன்னால் ஏறினான்.

மூன்று 'டக்'. இறங்கினார்கள்.

ஐந்தாவது வளைவில் ஒரு பெல்ட் கழன்ற சத்தம் கேட்டது. கணவன் சீட்டில் மண்டிபோட்டுத் திரும்பி அவளை அறைந்தான்.

"சார், உட்காருங்க."

"உன் வேலையைப் பாரு."

அடுத்த அடியில் அவள் தலை ஜன்னலில் மோதியது. பிறகு அலறல் நின்றுபோனது. கண்ணாடியில் பார்த்தார். அவள் சால்வையையே அவள் கழுத்தில் சுற்றி, இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டிருந்தான். அவள் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

நிறுத்த வழியில்லை, மரம் ஏற்றிய லாரி முதுகை ஒட்டி வந்தது. வலப்பக்கம் பள்ளம். ஒதுங்க இடம் வர இன்னும் மூன்று வளைவு. அவளுக்கு அவ்வளவு மூச்சு இல்லை. இடப்பக்கம் பாறை, அதன் அடியில் மழைநீர்க் கால்வாய்.

இரண்டு பேர் பெல்ட்டில் இருக்கிறோம், ஒருத்தன் இல்லை. ஸ்டீயரிங்கை இடதுபக்கம் ஒடித்தார்.

பாறை முன்பக்கத்தைக் கடித்தது. சால்வை கைநழுவ, கணவன் முதுகால் முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு பானெட்டில் போய் விழுந்தான். தோளெலும்பு சட்டையைக் கிழித்து வெளியே நின்றது. ஒரு காது பாதி தொங்கியது. லாரி மயிரிழையில் கடந்துபோய் நின்றது.

"பிரேக் போச்சா?" என்று ஓடிவந்தார் லாரிக்காரர்.

"இல்ல. நான்தான் திருப்பினேன்."

லாரிக்காரர் பின்கதவைத் திறந்தார். அந்தப் பெண் இருமி இருமி மூச்சு வாங்கினாள். கழுத்தில் கயிறு போட்டாற்போல் சிவந்த வரி. கணவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஓட்டுநர்கள் இருவருமாகத் தூக்கி லாரியில் கிடத்தினார்கள்.

"ஏறுடி" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நான் வரலை."

குரல் உடைந்து, காற்றாகத்தான் வந்தது. ஆனாலும் அவன் காதில் விழுந்தது. எழப் பார்த்தான், வலி கீழே தள்ளியது. லாரி புறப்பட்டது.

அவள் பாறையில் சாய்ந்து நின்றாள். "அண்ணே, அடுத்த வண்டி வந்தா கை காட்டுங்க. போலீஸ் ஸ்டேஷன்ல இறங்கணும்."

அவர் சாலை ஓரத்துக்குப் போனார். வளைவில் வந்த காரைக் கை காட்டி நிறுத்தினார். அவள் பெல்ட் 'டக்' என்று மாட்டும்வரை அதன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.