அண்ணன் ஊர்ப்பெயர் சொன்ன நாள்

திண்டிவனம், விழுப்புரம் பக்கம் எத்தனையோ டவுன்கள் இருக்கின்றன. இது எந்த டவுனில் நடந்தது என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஊர்ப்பெயரைச் சொல்லி ஒருமுறை பட்டது போதும். எங்கள் கிராமத்தின் பெயரை மட்டும் சொல்லாமல் இருக்க முடியாது, கதையே அதுதான். வேலப்பாக்கம். டவுனிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம், வழியெல்லாம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொல்லை.

என் அண்ணனுக்குப் பிறக்கும்போதே மூளைக்குக் காற்று போதவில்லை என்று பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரியில் சொன்னார்களாம். கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், கழுத்து ஒரு பக்கமாகச் சாயும். அறிவில் ஒரு குறையும் கிடையாது. சீட்டாட்டத்தில் அப்பாவையே ஏமாற்றுவான். பேச்சுதான் வராது. வருகிற கொஞ்சமும் எங்கள் வீட்டு வாசலோடு நின்றுவிடும், அதற்கு அப்பால் யாருக்கும் புரியாது. வீட்டுக்குள்ளும் முழுசாகப் புரிந்தது எனக்கு மட்டும்தான். அவனைவிடச் சின்னவளான நான் அவனுக்கு மொழிபெயர்ப்பாளர். "இன்னாடி சொல்றான்?" என்று பெற்ற அம்மாவே என்னைக் கேட்பாள். அந்த உத்தியோகத்தில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் உண்டு.

டவுனில் ஒரு சென்டர் இருந்தது. நடக்க முடியாத, பேச வராத பிள்ளைகளுக்காக ஒரு தர்ம ஸ்தாபனம் நடத்திய இடம். காலையில் வேன் வந்து அழைத்துப்போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். அந்த வேனுக்கும் டீச்சர் சம்பளத்துக்கும் நகராட்சி வருஷா வருஷம் உதவித்தொகை கொடுத்தது. நகராட்சிப் பணம் நகராட்சிப் பிள்ளைகளுக்கு என்பது சட்டம். ஆனால் சென்டரில் பாதிப் பிள்ளைகள் எங்களைப் போலச் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகள். எங்கள் பஞ்சாயத்தில் போய்க் கேட்டால், சென்டர் டவுனில்தானே இருக்கிறது, அங்கே கேள் என்பார்கள். டவுனில் கேட்டால், பிள்ளை கிராமத்தில்தானே இருக்கிறான், அங்கே கேள் என்பார்கள். கால் நடக்காத பிள்ளையை வைத்துக்கொண்டு அம்மாதான் நடையாய் நடந்தாள். கடைசியில் சென்டர் செயலாளர் இரக்கப்பட்டோ, தலை எண்ணிக்கைக்காகவோ, அண்ணனைச் சேர்த்துக்கொண்டார். இரண்டில் எது என்று இன்றுவரை என்னால் முடிவுக்கு வர முடியவில்லை.

அங்கே இருந்த பேச்சுப் பயிற்சி டீச்சர் அண்ணனை விடவில்லை. கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, மேல்பல்லுக்குப் பின்னால் வெல்லப்பாகைத் தடவிவிடுவார். நாக்கு அதை நக்கித் தேடிப்போகும்போது 'ல' வர வேண்டும். உதடு மூடாமல் எச்சில் ஒழுகும் பிள்ளைக்கு 'ப' வருவதற்காக, ஒரு காகிதத்துண்டை உதட்டில் கவ்வச் சொல்லிப் பிடித்து இழுப்பார். 'க'வுக்குத் தண்ணீரைத் தொண்டையில் வைத்துக் கொப்பளிக்க வேண்டும். ஊர்ப்பெயரைச் சொல்லத் தெரிந்துவிட்டால் தொலைந்துபோனாலும் யாராவது வீடு கொண்டுவந்து சேர்ப்பார்கள் என்பது டீச்சரின் கணக்கு. அதனால் முதல் பாடமே அதுதான். "ஒங்க ஊரு எது, ராஜா?" என்று தினமும் கேட்பார். வெயில்காலம் போய், மழை வந்து, மறுபடி வெயில் வந்தபோதுதான் அண்ணன் வாயிலிருந்து வேலப்பாக்கம் முழுசாக வந்தது. அன்றைக்கு அம்மா தெருவில் எல்லோருக்கும் கேப்பைக் களி கிண்டிப்போட்டாள். ஆனால் டீச்சர் முன்னாலும் எங்கள் முன்னாலும்தான் சொல்வான். புது ஆளைக் கண்டால் தொண்டை இறுகிப்போகும்.

அந்தச் சமயத்தில்தான் நகராட்சியிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்று செய்தி வந்தது. உதவித்தொகையைத் தொடர்ந்து கொடுப்பதா நிறுத்துவதா என்று பார்த்து முடிவுசெய்யப் போகிறார்களாம். செயலாளர் கிராமத்து அம்மாக்களை எல்லாம் கூப்பிட்டுவைத்துப் பேசினார். நானும் அம்மா மடியில் சாய்ந்துகொண்டு கேட்டேன்.

"நல்லா கேட்டுக்கங்கம்மா. ஆபீசரு கேட்டா யாரும் கிராமத்துப் பேரச் சொல்லாதீங்க. டவுன்ல சொந்தக்காரங்க யாராச்சும் இருப்பாங்க இல்ல, அந்தத் தெருவச் சொல்லுங்க. ஒருத்தரு ஒளறினாலும் எல்லாருக்கும் பேஜாரு."

எங்களுக்குக் குளத்துமேட்டுத் தெருவில் சித்தி வீடு இருந்தது. அம்மா அந்தத் தெருவை மனப்பாடம் செய்தாள். எனக்கும் சொல்லிக்கொடுத்தாள், மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டால் என்ன செய்வது? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் குளத்துமேட்டுத் தெரு என்று சொல்லத் தயாராக இருந்தேன். நடக்க முடிந்தவர்களுக்கும் பேச முடிந்தவர்களுக்கும் பொய் சொல்லிக்கொடுத்தாயிற்று. அண்ணனுக்கு மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"இவனப் பத்திக் கவலப்படாதீங்க சார். புது ஆளப் பாத்தா இவனுக்கு வாயே தொறக்காது" என்றாள் அம்மா.

செயலாளருக்கு அது நிம்மதியாக இருந்தது. பேச வராத பிள்ளைகளுக்கான சென்டரில், ஒரு பிள்ளைக்குப் பேச வராது என்று கேட்டு நிம்மதிப்பட்டார் அந்த மனுஷர்.

ஆய்வு நாளன்று சென்டர் கல்யாண வீடாக இருந்தது. வாசலில் வாழைமரம், உள்ளே வாடகை நாற்காலி, தட்டில் லட்டும் மிக்சரும். பொன்னாடை ஒரு டஜன் அடுக்கிவைத்திருந்தார்கள். பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பவுடர் பூசி வரிசையாக உட்காரவைத்தார்கள். அண்ணன் நீலச் சட்டையும் டவுசருமாக முன்வரிசையில் இருந்தான். நான் அவனுக்குப் பக்கத்தில் நின்றேன், கழுத்து சாய்ந்தால் நிமிர்த்திவிட.

வந்த ஆபீசர் நல்லவர். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவோ தேவலாம். பொன்னாடையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு ஒவ்வொரு பிள்ளையிடமும் போனார். மற்றவர்கள் அம்மாக்களிடம்தான் பேசுவார்கள், பிள்ளையைப் பார்க்கவே மாட்டார்கள். இவர் அண்ணன் முன்னால் கால் மடக்கிக் குந்தினார். அவன் கண்ணுக்கு நேராகத் தன் கண்ணை வைத்தார். கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஒங்க ஊரு எது, ராஜா?"

டீச்சர் கேட்கிற அதே கேள்வி, அதே ராஜா. நான் குளத்துமேட்டுத் தெரு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணனின் கழுத்து தானாக நிமிர்ந்தது. உதட்டைக் கூட்டினான். நாக்கு மேலே போவது எனக்குத் தெரிந்தது.

"வே... லப்... பாக்... கம்" என்றான்.

அவ்வளவு தெளிவாக அதற்கு முன்னால் அவன் சொன்னதே இல்லை. மொழிபெயர்ப்பாளருக்கு வேலையே இல்லை! எனக்குத் தாங்கவில்லை, இரண்டு கையும் வலிக்கத் தட்டினேன். ஆபீசரும் தட்டினார். "அடடா, எவ்ளோ அழகா சொல்றான்!" என்று பையிலிருந்து சாக்லேட் எடுத்து அவன் கையில் வைத்து மூடிவிட்டார். அண்ணன் சிரித்த சிரிப்பில் எச்சில் சட்டையில் வழிந்தது. திரும்பிப் பார்த்தேன். வேறு யாரும் தட்டவில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்திருந்தாள். டீச்சர் சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்தேன். பாதி அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆபீசர் எழுந்தார். குரலைத் தாழ்த்தி, மரியாதையாகவே கேட்டார்.

"வேலப்பாக்கம் நம்ம லிமிட்ல வராதுங்களே சார்?"

செயலாளர் என்னமோ சொன்னார். பிறகு ஆபீசர் வரிசையின் தொடக்கத்துக்கே திரும்பிப் போய் ஒவ்வொரு அம்மாவிடமும் ரேஷன் கார்டு கேட்டார். லட்டுத் தட்டு அப்படியே இருந்தது. நான் இரண்டு எடுத்துக்கொண்டேன், யாரும் திட்டவில்லை.

அன்றைக்கு வேன் எடுக்கவில்லை, பஸ்ஸில் திரும்பினோம். அண்ணன் விடாமல் ஊர்ப்பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தான். கண்டக்டர் கேட்டதும் அவனே சொன்னான். கண்டக்டருக்கும் புரிந்து, டிக்கெட்டை அவன் கையிலேயே கொடுத்தார். வேறொரு நாளாக இருந்திருந்தால் அம்மா அந்தக் கண்டக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாள். அன்றைக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஸ்டாப்பில் இறங்கும்போது பக்கத்து ஊர்ப் பிள்ளையின் அம்மா ஒருத்தி பஸ்ஸுக்குள்ளிருந்தே கத்தினாள்.

"ஒம் புள்ள வாயத் தொறந்து எங்க புள்ளைங்க வாயில மண்ணப் போட்டுட்டானே!"

அம்மா அண்ணனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

உதவித்தொகை நிற்கவில்லை. டவுன் பிள்ளைகளுக்குத் தொடர்ந்தது, இன்றும் வருகிறது என்று கேள்வி. கிராமத்துப் பிள்ளைகள் பெயரை மட்டும் எடுத்துவிட்டார்கள். வேன் டவுன் எல்லையோடு திரும்பிக்கொண்டது. சட்டப்படி யாரும் தப்பு செய்யவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். அண்ணன் பிறகு எந்தப் பயிற்சிக்கும் போகவில்லை. பாகு தடவிய நாக்கு மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கே போயிற்று. இன்று அவனுக்கு நரைத்துவிட்டது. யாராவது ஊர் கேட்டால் என்னைப் பார்க்கிறான், நான்தான் சொல்கிறேன். வெகுகாலம் கழித்து அம்மா டீச்சரைச் சந்தையில் பார்த்தாளாம். ஆய்வு நாளன்று அண்ணனை வாயை மூடியிருக்கச் சொல்லும்படி செயலாளர் முந்தின நாளே டீச்சரிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார். "என் வாயால அவன் வாய எப்படிம்மா மூடச் சொல்லுவேன்?" என்று டீச்சர் கேட்டாராம். அம்மா அவரைக் குற்றம் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன்.

இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. ஆய்வு முடிந்து அடுத்து வந்த திங்கட்கிழமை எனக்கு ஒன்றும் தெரியாது. வேன் வராது என்று அம்மா சொன்னதை அண்ணன் நம்பவில்லை. அவள் மல்லாட்டை பறிக்கக் கூலிக்குப் போனதும், நீலச் சட்டையை மாட்டிவிடச் சொன்னான். மாட்டிவிட்டேன். தவழ்ந்தும் என் தோளைப் பிடித்தும் ரோட்டுக்கு வந்துவிட்டான். புளியமரத்தடியில் உட்கார்ந்து காத்திருந்தோம். வெயில் ஏறியது, வேன் வரவில்லை.

இரண்டு பேரும் யோசித்தோம். இந்த ஒரு சொல்லைச் சொன்னபோதுதானே கைதட்டல் வந்தது, சாக்லேட் வந்தது, பஸ்ஸில் டிக்கெட்கூட வந்தது. அண்ணன் ரோட்டைப் பார்த்து வேலப்பாக்கம் என்றான். ஒரு லாரி போயிற்று. மறுபடி சொன்னான். கரும்பு டிராக்டர் ஒன்று போயிற்று. எனக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டதாகத் தோன்றியது.

"அந்த ஆபீசரு காதுல அன்னிக்கு சரியா வுழல போலக்குது. அதான் வேன் வரல. இன்னும் சத்தமா சொல்லு."

அண்ணன் மூச்சை இழுத்தான். கழுத்து நரம்பு புடைக்க, உதட்டைக் கூட்டி, நாக்கை மேலே கொண்டுபோய், டவுன் இருக்கும் பக்கமாகத் திரும்பிக் கத்தினான். நானும் அவனோடு சேர்ந்து கத்தினேன். அம்மா வந்து எங்களைத் தூக்கிக்கொண்டு போகும்வரை கத்திக்கொண்டே இருந்தோம். அந்த ஆபீசர் காதில் அது அன்றைக்கே நன்றாக விழுந்திருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.