பல்லவர் போர்விமானத்தின் வலப்பக்கத்துக் காளை

எழுதலாமா வேண்டாமா என்று பதினோரு வருஷம் தள்ளிப்போட்டேன். நான் எட்டாவது வரை படித்தவன். தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்தால் கை தானாக ஓடும். பேனா பிடித்தால் உள்ளங்கை வியர்க்கும். அது ஒரு காரணம். எங்கள் தெருவில் ஒருவருடைய மனசு புண்படுமே என்பது இன்னொரு காரணம். இப்போது அவரே எழுதச் சொல்லிவிட்டார். ஏகாம்பரநாதரை நினைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

பாகிஸ்தானோடு சண்டை நடந்த அறுபத்தைந்தாம் வருஷம் அது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் எதிர்வீட்டு அம்மாளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். உறவு இல்லை, பழக்கம். அவருடைய ஒரே மகன் விமானப் படையில் மெக்கானிக். அந்தச் சித்திரையில் லீவில் வந்தபோது பத்திரிகையிலிருந்து கிழித்த ஒரு படத்தைக் காட்டினான். சின்னஞ்சிறு போர்விமானம். மூக்கிலிருந்து வால் வரை முப்பது அடிகூட வராதாம். உள்ளே ஒரே ஒரு ஆள்தானாம். உடம்பில் வட்டமாக மூவர்ணம்.

"இந்த வட்டம் எதுக்குப்பா?"

"நம்ம நாட்டு அடையாளம் மாமா. படத்துல வெள்ளியா இருக்குது. சண்டைன்னு வந்தா மேல பச்சையும் மண்ணுமா அடிப்பாங்க. மேலேயிருந்து பார்க்கறவனுக்குத் தரையோட தரையா தெரியணும். அடிவயித்துக்கு வானத்துக் கலரு."

"ஒளிஞ்சிக்கறதுக்கு ஒரு கலரு, நான்தான்னு சொல்லிக்கறதுக்கு ஒரு வட்டம். ஒரே உடம்புல ரெண்டும் எப்படிப்பா?"

அவன் சிரித்துவிட்டான். "இதை எங்க ஆபீசரை யாரும் கேட்டதில்ல மாமா."

படத்தை என்னிடமே விட்டுவிட்டுப் போனான். அடுத்த பிரதோஷத்தன்று கைலாசநாதர் கோயிலுக்குப் போனேன். வெளியே தனியாக உட்கார்ந்திருக்கும் பெரிய நந்தியைச் சுற்றி வரும்போது ஒரு யோசனை வந்து ஒட்டிக்கொண்டது. பல்லவர் கொடியில் காளை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். அவர்கள் ஆட்சி முடியாமலே இருந்திருந்தால்? இன்றைக்கும் காஞ்சிபுரமே தலைநகராக இருந்து, அந்த ராஜாவிடம் இந்த விமானம் இருந்தால் அதற்கு என்ன வண்ணம் பூசுவார்கள்?

பைத்தியக்காரக் கேள்விதான். ஆனால் தறிக்குப் பாவுநூல் இழைக்கும்போதும் அதே, சாப்பிடும்போதும் அதே. சரி, செய்தே பார்த்துவிடுவோம், நவராத்திரிக் கொலுவுக்கும் ஆகும் என்று துணிந்தேன்.

அடிக்கு அரை அங்குலம் என்று அளவு வைத்தேன். படத்தின் மேல் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பெரிதாக்கினேன். புடவைக்கரை டிசைன் போடுகிற அதே முறைதான். உடம்புக்குக் கல்யாண முருங்கை மரம். லேசானது, கத்தி சொன்னபடி கேட்கும். தகட்டுக்குத் தகடு சேர்ந்திருக்கிற கோடுகளை ஊசியால் கீறினேன். ஆள் உட்காரும் இடத்து மூடிக்கு, கண்ணாடி போன்ற ஒரு சோப்பு டப்பாவின் மூடியை விளக்கில் காட்டி வளைத்தேன். மூன்று மூடி கருகி, நாலாவது சரியாக வந்தது. "வீட்டுல சோப்பு வைக்க டப்பா இல்லீங்க, விமானம் வேற கேக்குதா?" என்றாள் என் மனைவி.

பிறகு நிறம். பல்லவர் விமானம் எந்தத் தரைமேல் ஒளிய வேண்டும்? பாலாற்று மணல்மேல். சாயப்பட்டறையில் கேட்டு, பழுப்பில் ஏழு தினுசு பட்டுநூல் துண்டு வாங்கிக்கொண்டு ஆற்றங்கரைச் செவிலிமேட்டுக்கு சைக்கிளில் போனேன். மணலை உள்ளங்கையில் அள்ளி, நூலை முறுக்கி மேலே வைத்துப் பார்த்தேன். காலையில் ஒரு நூல் பொருந்தியது. உச்சிவெயிலில் அது பொருந்தவில்லை, வேறொன்று பொருந்தியது. வீட்டுக்கு வந்து மனைவியைக் கேட்டேன்: "ராஜா எந்த நேரத்துக்குச் சண்டைக்குப் போவார்?"

"வெயிலுக்கு முந்திப் போயிட்டு வந்துடுவாருங்க. அவருக்கென்ன உங்களாட்டம் வெயில்ல மண்ணு அள்ளணும்னு தலையெழுத்தா?"

காலை மணலையே வைத்துக்கொண்டேன். சைக்கிள் கடைப் பெயிண்டைக் கலந்து கலந்து அந்த நூலின் நிறத்துக்குக் கொண்டுவந்தேன். இடையிடையே நெல்வயல் பச்சைத் திட்டு. அடியில் வானம். மூவர்ண வட்டம் இருக்கும் இடத்தில் வெள்ளைக் காளை. கோயில் நந்தி உட்கார்ந்திருக்கிறது. உட்கார்ந்த காளை சண்டைக்கு எப்படிப் போகும்? நடக்கிற காளையாகக் கட்டத்தில் வரைந்து, அட்டையில் அந்த வடிவத்தை ஓட்டையாக வெட்டி, அட்டையை விமானத்தின்மேல் பிடித்துப் பெயிண்டைத் தொட்டு ஒற்றினேன்.

அங்கேதான் தவறினேன். தறியில் டிசைன் அட்டையைப் புரட்டிப் போடவே கூடாது. புரட்டினால் கரை கெட்டுப் போகும். பத்து வயதிலிருந்து பழகிய கை. இடப்பக்கம் ஒற்றின அட்டையைப் புரட்டாமல் அப்படியே வலப்பக்கமும் ஒற்றிவிட்டேன். இடப்பக்கத்துக் காளை விமானத்தின் மூக்கைப் பார்த்து நடந்தது. வலப்பக்கத்துக் காளை வாலைப் பார்த்து நடந்தது. கரையில் மாடும் அன்னமும் ஒரே திசையில் போவதைப் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு அது தப்பாகவே படவில்லை.

இதற்குள் சண்டை மூண்டுவிட்டது. ஆவணியோடு அக்கா மகனிடமிருந்து கடிதம் நின்றுபோனது. சண்டை நின்றதாகச் செய்தி வந்தது, கடிதம் வரவில்லை. தபால்காரர் தெருவில் திரும்பினாலே அக்கா வாசலுக்கு வந்துவிடுவார். தபால்காரர் நிற்காமல் தாண்டிப் போனதும் அக்கா உள்ளே போய்விடுவார்.

கொலு வைத்தோம். விமானத்தை எந்தப் படியில் வைப்பது என்று என் மனைவிக்குக் குழப்பம். "ஆள் ஏர்ற வண்டின்னா கீழ்ப்படி. நந்தின்னா மேல்படி. ரெண்டும் ஒண்ணா வந்து நின்னா நான் எங்கீங்க வைப்பேன்?" கடைசியில் தனியாக ஒரு முக்காலி போட்டுச் சுவரோரமாக வைத்தோம், மூக்கு கோயில் திசையில். வலப்பக்கம்தான் வந்தவர்கள் பார்வைக்கு வந்தது.

முதல் நாள் சாயங்காலம் பெண்கள் வந்தார்கள். ஒரு குறும்புக்காரப் பெண், "இன்னாண்ணா, மூக்கு இந்தாண்ட, மாடு அந்தாண்ட? ராஜா வண்டி பயந்துக்கினு ஓடுதா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் கிட்டே வந்து பார்த்தார்.

"தம்பி, நந்தி மூஞ்சைத் திருப்பிக்கிச்சே. போனவன் வரமாட்டான்றதா?"

சுண்டல் கிண்ணத்தை அப்படியே கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த இரண்டு நாள் வெளியே தலை காட்டவில்லை. "அக்கா வீட்டுல அடுப்பே எரியலீங்க," என்று மனைவி வந்து சொன்னாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் தறியை நிறுத்திவிட்டு, பிளேடால் அந்தக் காளையைச் சுரண்டினேன். மணல் நிறம் பூசிக் காய வைத்து, அட்டையைப் புரட்டிப் பிடித்து ஒற்றினேன். புரட்டும்போது ஏதோ செய்யக்கூடாததைச் செய்வதுபோல் கை கூசியது. மனைவி பக்கத்திலேயே நின்று பார்த்தாள். "நான் போய் அக்காவைக் கூட்டிக்கினு வரேன். தப்பைத் திருத்திட்டேன்னு சொல்லிடுங்க," என்றாள். சரி என்றேன்.

அக்கா வந்தார். நான் வாய் திறப்பதற்குள் கையைத் தலைமேல் கூப்பிவிட்டார். "அடியே, நந்தி திரும்பிட்டாருடி! என் புள்ளை வரான்டி!" தெருவே கேட்கக் கூவினார். பெண்கள் ஓடிவந்தார்கள். யாரோ விமானத்துக்குக் குங்குமம் வைத்தார்கள். மனைவி என்னைப் பார்த்தாள். சொல்லத்தான் வாயெடுத்தேன். அக்கா நின்றபடியே ஒரு கிண்ணம் சுண்டலைச் சாப்பிட்டார். இன்னொரு கிண்ணம் கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

நாலு நாள் கழித்துக் கடிதம் வந்தது. பையன் சௌக்கியம். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் வாசித்தேன். மேலே போட்டிருந்த தேதி, கொலு வைப்பதற்கும் முந்தின தேதி. அதை மட்டும் வாசிக்காமல் விழுங்கிவிட்டேன்.

தை மாதம் பையன் லீவில் வந்தான். விமானத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மெக்கானிக் இல்லையா, விரலால் தடவினான்.

"மாமா, இந்தப் பக்கம் பெயிண்ட் தடிப்பா இருக்குது. சுரண்டிட்டு மறுபடி அடிச்சிருக்கீங்க. முதல்ல ராங்கா போட்டுட்டீங்களா?"

அக்கா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது? அட்டை, பிளேடு, கடிதத்துத் தேதி எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்த நாலு நாளு நான் சோறு தின்னேனே தம்பி. அது யார் போட்ட சோறு? நந்தியா, நீயா?"

"தெரியல அக்கா."

"எனக்கும் தெரியல." மகனைப் பார்த்தார், பிறகு என்னை. "வெளியே சொல்லிடாதே. ஊரைக் கூட்டிக் கத்தினவ நான்தான். கைகொட்டிச் சிரிப்பாங்க."

அதனால்தான் சொல்லவில்லை. நான் சொல்லாமல் இருக்க இருக்க, கதை தானாக வளர்ந்தது. நந்தி தலையாட்டினார் என்றார்கள். விமானம் முக்காலியிலிருந்து எழும்பி மூன்று சுற்றுச் சுற்றியது என்றார்கள். இந்த வருஷக் கொலுவுக்கு வந்த ஒரு குழந்தை அக்காவிடமே, "உங்க புள்ளையை விமானம் முதுகுல ஏத்திக்கினு வந்துச்சாமே?" என்று கேட்டுவிட்டது.

"அவன் ரயில்ல வந்தான்டி!" என்று அக்கா எரிந்து விழுந்தார். நேராக என்னிடம் வந்தார். "எழுதுப்பா. சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. இதுக்கு மேல விட்டா நாளைக்குப் புள்ளை கடுதாசி வராத இன்னொருத்தி வந்து இந்த விமானத்து முன்னால பட்டினி கிடப்பா."

எழுதி முடித்து அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். எதையும் மாற்றச் சொல்லவில்லை.

எனக்கு சாமி மேல் இருக்கிற நம்பிக்கை குறையவில்லை. ஆனால் அந்தக் காளை திரும்பியது என் கையால். இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்வீர்கள், சொல்லவும் வேண்டும். சொல்லும்போது நான் செய்த தப்பைக் குறைக்காதீர்கள். அக்காவின் பக்தியைக் கேலியாக்காதீர்கள். இங்கே இல்லாத அற்புதம் எதையும் உங்கள் பங்குக்குச் சேர்த்துவிடாதீர்கள். எழுதியிருக்கிறபடியே கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும்.